ஒரே அடியில் இரண்டு சுரம்: ஹைப்ரிட் பிக்கிங் வழியாக டபுள் ஸ்டாப்

கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் ‘ஹைப்ரிட் பிக்கிங்’ என்ற பேச்சு வந்தால் ஆளுக்கொரு விளக்கம் வரும். ஒருவர் அது அமெரிக்கக் கண்ட்ரி இசைக்காரர்களின் வித்தை என்பார். இன்னொருவர் வேகமாக வாசிக்க ஒரு குறுக்குவழி என்பார். தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக் கையில் இருக்கும்போது விரலும் தந்தியில் பட்டால் அதெல்லாமே ஹைப்ரிட் பிக்கிங்தான் என்பவரும் உண்டு. டபுள் ஸ்டாப்பின் பாடு இன்னும் மோசம்: பாதிக் கார்டைப் பிடித்தால் டபுள் ஸ்டாப் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் ஏன் இவ்வளவு நன்றாகச் சேர்கின்றன என்பது மட்டும் அந்த விளக்கங்களில் வருவதே இல்லை.

வேகம் அதற்குக் காரணம் அல்ல. இரண்டு சுரங்களும் எப்போது தொடங்க வேண்டும், எது கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்க மீட்டும் கைக்கு வழி கிடைக்கிறது. விஷயம் அவ்வளவுதான். அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம். வலது கை மீட்டுகிறது, இடது கை ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்துக்குக் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகளில்) அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

## டபுள் ஸ்டாப் என்பது எது

இரண்டு சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவைப்பது டபுள் ஸ்டாப். வயலின் குடும்பத்திலிருந்து கிட்டாருக்கு வந்த பெயர். மூன்றோ அதற்கு மேலோ சுரங்கள் சேர்ந்தால் அது கார்ட். ராக் இசையில் வரும் பவர் கார்டிலும் பெரும்பாலும் இரண்டே சுரம்தான். கணக்குப்படி பார்த்தால் அதுவும் டபுள் ஸ்டாப்பே. வழக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டபுள் ஸ்டாப் என்றதும் கிட்டார்காரர்கள் மனதில் வருவது, ஒரு மெட்டு தனியாகப் போகாமல் துணைக்கு இன்னொரு சுரத்தையும் கூட்டிக்கொண்டு ஏறி இறங்குவதுதான்.

‘பாதிக் கார்ட்’ என்ற விளக்கம் தடுமாறுவது இங்கேதான். கார்டின் வேலை பின்னால் நின்று பாட்டைத் தாங்குவது. டபுள் ஸ்டாப் முன்னால் வந்து மெட்டாகவே நடக்கும். மெட்டாக நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சுரமும் தெளிவாகத் தொடங்கித் தெளிவாக முடிய வேண்டும். கார்ட் அடிக்கும்போது ஒரு தந்தி சற்று முன்னே பின்னே ஒலித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மெட்டில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு இன்டர்வல் என்று பெயர். கிட்டாரில் அதை அளப்பது சுலபம்: ஒரே தந்தியில் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் அரைச் சுரம். மூன்று அரைச் சுரம் என்றால் மைனர் தேர்ட், நான்கு என்றால் மேஜர் தேர்ட், ஐந்து என்றால் ஃபோர்த். எட்டு மைனர் சிக்ஸ்த், ஒன்பது மேஜர் சிக்ஸ்த். டபுள் ஸ்டாப்பில் அதிகம் புழங்குவது இவைதான். பெயர்களை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாசிக்க ஆரம்பித்தால் கையே நினைவு வைத்துக்கொள்ளும்.

தந்திகளின் எண்ணிக்கையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6. வழக்கமான ட்யூனிங்கில் 6-இலிருந்து 1 வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே ஐந்து அரைச் சுரம் இருக்கும். ஜி-க்கும் பி-க்கும் நடுவே மட்டும் நான்கு. ஒரே இன்டர்வலுக்கு ஒரு ஜோடித் தந்தியில் ஒரு வடிவமும் இன்னொரு ஜோடியில் வேறு வடிவமும் வருவதற்கு இந்த ஒரு விதிவிலக்குதான் காரணம்.

## பிக் மட்டும் இருந்தால் என்ன ஆகிறது

ஜன்னல் கம்பிகளின் மேல் ஒரு குச்சியைப் பக்கவாட்டில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒலிக்கும். இரண்டு கம்பிகளைச் சரியாக ஒரே கணத்தில் தட்ட ஒரு குச்சி போதாது. முதல் கம்பியும் மூன்றாம் கம்பியும் மட்டும் ஒலிக்க வேண்டும், நடுவில் உள்ளது சும்மா இருக்க வேண்டும் என்றால் சிக்கல் இன்னும் பெரிது: நடுக்கம்பியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிக்கும் அந்தக் குச்சி மாதிரித்தான். எலக்ட்ரிக் கிட்டாரில், உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே இரண்டு தந்திகளுக்கு நடுவே சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி. பிக் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தந்திக்கும் அடுத்த தந்திக்கும் 10 மில்லிவிநாடி வித்தியாசம். நிதானமான பாட்டில் கை மெதுவாக நகரும்போது அது 30, 40 என்று போகும். காது இதை இரண்டு தனி ஓசைகளாகப் பிரித்துக் கேட்காமல் போகலாம். ஆனால் ‘டங்’ என்று கேட்க வேண்டியது ‘ட்ரங்’ என்று சற்றே இழுபட்டுக் கேட்கும். எல்லாத் தந்திகளையும் சேர்த்து வருடி அடிக்கும் ஸ்ட்ரம்மிங்கின் அழகே அந்த இழுபடல்தான், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு சுரமும் ஒரு சொல்லாக வந்து விழ வேண்டிய இடத்தில்தான் அது தொந்தரவு.

பக்கத்துத் தந்திகள் என்றால் கை வேகத்தால் ஓரளவு சமாளிக்கலாம். தந்தி ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தால் முடியாது. 3-ஆம் தந்தியும் 1-ஆம் தந்தியும் வேண்டும், 2 வேண்டாம் என்றால் பிக் எப்படியும் 2-ஐத் தொட்டுத்தான் போகும். இடது கை விரலின் அடிப்பக்கத்தால் அந்தத் தந்தியை லேசாகத் தொட்டு, ஒலிக்காமல் அடக்க வேண்டும். இதற்கு மியூட் செய்வது என்று பெயர். மியூட் செய்தாலும் ‘டக்’ என்று ஒரு சின்ன ஓசை மிஞ்சும்.

பிக் மட்டும் வைத்து டபுள் ஸ்டாப் வாசிக்க முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1950-களில் சக் பெர்ரி அதைத்தான் செய்தார். 2-ஆம், 1-ஆம் தந்திகளை ஒரே விரலால் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தி, ஃபோர்த் இன்டர்வலைப் பிக்கால் ஓங்கி அடிக்கும் அந்த ஒலி ராக் அண்ட் ரோலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. டபுள் ஸ்டாப்புக்கு ஹைப்ரிட் பிக்கிங் கட்டாயம் என்று யாராவது சொன்னால் சக் பெர்ரியின் பெயரை எடுத்துச் சொல்லலாம்.

## விரல் உள்ளே வந்ததும்

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிக்கை வழக்கம்போலப் பிடித்துக்கொண்டு, மீதமுள்ள நடுவிரல், மோதிர விரல், சில சமயம் சுண்டு விரல் ஆகியவற்றால் மற்றத் தந்திகளைச் சுண்டுவதுதான் ஹைப்ரிட் பிக்கிங். பிக் ஒரு தந்தி, விரல் ஒரு தந்தி. கீழ்ச் சுரம் எப்போதும் பிக்குக்கு, மேல் சுரம் விரலுக்கு.

கட்டை விரலில் மாட்டிக்கொள்ளும் தம்ப் பிக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் போன்றவர்கள் வாசித்தது அந்த முறை. அதில் ஆள்காட்டி விரலும் சுண்டுவதற்குக் கிடைக்கும். ஹைப்ரிட் பிக்கிங்கில் ஆள்காட்டி விரல் பிக்கோடு போய்விடுகிறது. ஒரு விரல் நஷ்டம். பதிலுக்கு, நினைத்த நேரத்தில் பழையபடி மேலும் கீழும் அடித்து வேகமான வரிகளையும் ஸ்ட்ரம்மிங்கையும் வாசிக்கலாம். பிக்கை எங்கேயும் வைத்துவிட்டு வர வேண்டியதில்லை.

இனி உண்மையான பொறிமுறை. பிக் தந்தியைத் தரையை நோக்கித் தள்ளுகிறது. அதே கணத்தில் நடுவிரல் தன் தந்தியை உள்ளங்கையை நோக்கி இழுத்துவிடுகிறது. ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் கை முழுவதும் நகர வேண்டிய தேவையே இல்லை. மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விரல் நுனியும் பிக் நுனியும் மட்டும் ஒன்றை நோக்கி ஒன்று சிறிதாக நெருங்குகின்றன. ஸ்ட்ரம் செய்வது ஒரு பயணம் என்றால் இது ஒரு கிள்ளல். அதனால்தான் இரண்டு சுரமும் ஒரே கணத்தில் பிறக்கின்றன, நடுவில் உள்ள தந்தியை யாரும் தொடுவதும் இல்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: டபுள் ஸ்டாப் என்பது இரட்டைச் சுரமாக நடக்கும் மெட்டு. பிக் மட்டும் இருந்தால் சுரங்கள் சற்று முன்பின்னாக வரும், தந்தியைத் தாண்டுவதும் கஷ்டம். ஹைப்ரிட் பிக்கிங்கில் பிக் தள்ள, விரல் இழுக்க, இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்.

## பலரும் பேசாத பாதி: சுரத்தை நிறுத்துவது

தொடக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ ஹைப்ரிட் பிக்கிங்கின் பெரிய லாபம் முடிவில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

சுண்டிய விரல் காற்றில் பறந்துபோகாமல் அதே தந்தியின் மேல் திரும்ப வந்து உட்கார்ந்தால் சுரம் சட்டென்று நின்றுவிடும். பிக்கும் அதேபோல் தன் தந்தியில் வந்து நிற்கலாம். இரண்டும் சேர்ந்து நின்றால் சுத்தமான மௌனம். பிக் மட்டும் நின்றால் கீழ்ச் சுரம் அடங்கி, மேல் சுரம் தொடரும். விரல் மட்டும் நின்றால் நேர்மாறு. ஒரே வலது கையால் இரண்டு சுரங்களின் ஆயுளையும் தனித்தனியாக முடிவு செய்ய முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

கண்ட்ரி கிட்டாரில் ‘சிக்கன் பிக்கிங்’ என்று சொல்லும் அந்தக் கொத்துகிற மாதிரியான ஒலி இதிலிருந்துதான் வருகிறது. தந்தியைக் கிட்டாரை விட்டுச் சற்று வெளிப்பக்கமாக இழுத்துவிட்டால் அது திரும்பி ஃப்ரெட்டில் மோதி ‘டக்’ என்று வெடிக்கும்; உடனே அடக்கினால் சுரம் குட்டையாகத் தெறிக்கும். கேட்பதற்கு ஏதோ வேகமான வாசிப்பு மாதிரித் தெரியும். நிதானமாகக் கவனித்தால் சுரங்களின் எண்ணிக்கை குறைவாகவும் மௌனங்களின் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும். ‘ஹைப்ரிட் பிக்கிங் என்றால் வேகம்’ என்ற எண்ணம் பரவியதற்கு இந்தக் கேட்கும் பிழையும் ஒரு காரணம் என்பது என் அனுமானம்.

## கையை எப்படி வைப்பது

உள்ளங்கையின் சுண்டு விரல் பக்க ஓரத்தை பிரிட்ஜ் மேல் லேசாக வையுங்கள். அழுத்தம் வேண்டாம், தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பிக்கின் தட்டையான பரப்பு தந்திக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கட்டும். பிக்கை அதிகம் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மணிக்கட்டு திரும்பிக்கொள்வதால் விரல்கள் தந்தியை விட்டு விலகிப் போயிருக்கும். ‘எனக்கு விரல் எட்டவே மாட்டேன் என்கிறது’ என்று அலுத்துக்கொள்பவர்களில் பலருக்கு உண்மையில் விரல் குட்டை இல்லை, பிக்கின் சாய்வு அதிகம்.

விரல்கள் இயல்பாக மடங்கி, நுனிகள் தந்திக்கு மேலேயே காத்திருக்க வேண்டும். சுண்டும் அசைவு நுனியிலிருந்து வரக் கூடாது. விரல் கையோடு சேரும் கணுவிலிருந்து, முழு விரலும் உள்ளங்கைப் பக்கம் போக வேண்டும். தந்தியை வெளிப்பக்கமாக, கிட்டாரை விட்டு விலக்கிப் பிடுங்கினால் எல்லாச் சுரமும் ஃப்ரெட்டில் மோதித் தெறிக்கும். சிக்கன் பிக்கிங்குக்கு அது வேண்டும். மற்ற நேரத்தில் எரிச்சல்.

எந்த விரலுக்கு எந்தத் தந்தி? இதில் சண்டை உண்டு. ஆரம்பத்துக்கு நான் சொல்வது இது: பக்கத்துத் தந்தி என்றால் நடுவிரல், ஒரு தந்தி தாண்டினால் மோதிர விரல். பிக் 3-இல் இருக்கும்போது நடுவிரலின் வீடு 2, மோதிர விரலின் வீடு 1. விரல்கள் இயற்கையாகவே அந்த இடைவெளியில்தான் விழுகின்றன. நடுவிரலை மட்டுமே வைத்து எல்லாவற்றையும் வாசிக்கும் நல்ல வாசிப்பாளர்களும் இருக்கிறார்கள், ஆகவே இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, முதல் வாரத்திலேயே எல்லோரும் முட்டிக்கொள்ளும் விஷயம்: இரண்டு சுரமும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பிக் கடினமான பிளாஸ்டிக், ஓரம் கூர்மை. ஒலி பிரகாசமாக, அழுத்தமாக வரும். விரல் நுனி மென்மையான சதை. ஒலி உருண்டையாக, அடங்கி வரும். விளைவு, கீழ்ச் சுரம் கத்துகிறது, மெட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய மேல் சுரம் முணுமுணுக்கிறது.

இதற்குச் சிலர் நகம் வளர்க்கிறார்கள். நகம் படும்போது ஒலி பிக்குக்கு நெருங்கி வரும். ஜேம்ஸ் பர்ட்டன் நடுவிரலில் ஒரு ஃபிங்கர் பிக்கை மாட்டிக்கொண்டு வாசித்தவர். பாடகர் ரிக்கி நெல்சனோடும், 1969-இலிருந்து எல்விஸ் பிரெஸ்லியோடும் வாசித்த அவருடைய கிட்டாரில் கீழ்ச் சுரமும் மேல் சுரமும் சம பலத்தோடு வருவதற்கு அது ஒரு காரணம். ஆரம்பத்தில் இவை எதுவும் தேவையில்லை. பிக்கின் அடியைக் குறையுங்கள், விரலின் இழுப்பைக் கூட்டுங்கள். பலரும் விரலைக் கூட்ட மட்டும் பார்க்கிறார்கள், பிக்கைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். பிக் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கிட்டத்தட்ட இருந்தால் நல்லது. மெல்லிய பிக் வளைந்து விடுபடும்போது சற்றுத் தாமதமாகும், ஒரே கணத்தில் ஒலிக்கவைக்கும் முயற்சி வீணாகும்.

## முதல் பயிற்சி: இடது கைக்கு ஓய்வு

இடது கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். பிக் 3-ஆம் தந்தியில், நடுவிரல் 2-ஆம் தந்தியில். இரண்டும் முதலில் தந்தியைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும், அப்புறம்தான் கிள்ள வேண்டும். தூரத்திலிருந்து ஓடிவந்து அடித்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். தொட்டு, நின்று, கிள்ளி, திரும்பத் தொட்டு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து ஒரு தட்டில் கிள்ளல், அடுத்த தட்டில் அடக்கல்.

நன்றாக வந்ததும் மோதிர விரலை 1-ஆம் தந்திக்கு அனுப்பி, பிக் 3, விரல் 1 என்று கிள்ளுங்கள். நடுவில் உள்ள 2-ஆம் தந்தி முணுக்கென்றும் கேட்கக் கூடாது. அதையும் முடித்துவிட்டு 3–2, 3–1 என்று மாறி மாறி வாசித்தால் நடுவிரலும் மோதிர விரலும் தனித்தனியாக இயங்கக் கற்றுக்கொள்ளும். மோதிர விரல் அசையும்போது சுண்டு விரல் கூடவே துள்ளும். அதை அடக்க நினைத்து கையை இறுக்கிக்கொள்ளாதீர்கள், துள்ளட்டும்.

தொலைபேசியில் பதிவு செய்து கேட்பது இங்கே நிஜமாகவே உதவும். வாசிக்கும்போது நம் காது நம்மை மன்னித்துவிடுகிறது. பதிவில் ‘ட்ரங்’ எது, ‘டங்’ எது என்று உடனே பிடிபடும்.

மறுபடி சுருக்கமாக: பிக் சாயாமல் இருக்கட்டும், விரல் கணுவிலிருந்து அசையட்டும், பிக் மெதுவாக விரல் பலமாக. கிள்ளுவதற்கு முன் தொடுவது, கிள்ளிய பின் தொடுவது. இவை வந்துவிட்டால் மீதி எல்லாம் இடது கையின் வேலை.

## சிக்ஸ்த்: ஹைப்ரிட் பிக்கிங்குக்கென்றே பிறந்த இன்டர்வல்

3-ஆம் தந்திக்கும் 1-ஆம் தந்திக்கும் நடுவே சரியாக ஒன்பது அரைச் சுரம். ஆகவே இரண்டையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தினால் மேஜர் சிக்ஸ்த். 1-ஆம் தந்தியை ஒரு ஃப்ரெட் கீழே இறக்கினால் மைனர் சிக்ஸ்த். இரண்டே வடிவம். நேரான வடிவம், சாய்ந்த வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். 4-ஆம், 2-ஆம் தந்திகளுக்கு நடுவிலும் அதே ஒன்பது இருப்பதால் இதே இரண்டு வடிவங்கள் அங்கேயும் அப்படியே செல்லும்.

ஜி மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசை முழுவதையும் இந்த இரண்டு வடிவங்களால் நடத்திவிடலாம். முதல் எண் 3-ஆம் தந்தியின் ஃப்ரெட், அடுத்தது 1-ஆம் தந்தியின் ஃப்ரெட்: 4–3, 5–5, 7–7, 9–8, 11–10, 12–12, 14–14, 16–15. சாய்ந்தது ஒன்று, நேரானது இரண்டு, சாய்ந்தது இரண்டு, நேரானது இரண்டு, பிறகு மறுபடி தொடக்கம். இடது கையின் நடுவிரல் 3-ஆம் தந்தியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். அது தண்டவாளம் போலத் தந்தியோடே வழுக்கிக்கொண்டு போகட்டும். நேரான வடிவத்துக்கு மோதிர விரல் 1-ஆம் தந்தியில், சாய்ந்ததற்கு ஆள்காட்டி விரல். நடுவிரலின் அடிப்பக்கம் 2-ஆம் தந்தியை லேசாக உரசிக்கொண்டிருந்தால், வலது கை தவறினாலும் அது வாயைத் திறக்காது.

இதை வெறும் ஸ்கேலாக ஓட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் சலித்துவிடும். கார்டோடு சேர்த்துப் பாருங்கள். பின்னணியில் ஜி கார்ட் போகும்போது 4–3, 7–7 இரண்டும் பொருந்தும், ஏனென்றால் அவற்றில் இருப்பவை பி, ஜி, டி ஆகிய ஜி கார்டின் சுரங்களே. சி கார்டுக்கு 9–8, 12–12. டி கார்டுக்கு 11–10, 14–14. பாட்டு ஜி, சி, டி என்று மாறும்போது நீங்களும் அந்தந்த ஜோடிக்கு நகர்ந்தால் கார்ட் எதையும் பிடிக்காமலே கார்ட் மாறுவது காதுக்குத் தெரியும். இரண்டே சுரத்தில் இவ்வளவு தகவல் அடங்குகிறதே என்று முதல் தடவை கேட்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, உடனே பலன் தரும் ஒரு துண்டு: 7–7, 6–6, 5–5, 4–3. இதில் 6–6 ஸ்கேலில் இல்லாதது, வழியில் காலை வைத்துப் போகும் படி மட்டும். நான்கையும் ஒவ்வொரு தட்டுக்கு ஒன்றாக வாசித்து, ஒவ்வொன்றையும் அடக்கி அடக்கி இறங்கினால் ப்ளூஸிலும் கண்ட்ரியிலும் நூற்றுக்கணக்கான தடவை கேட்ட அந்த முடிப்பு உங்கள் கையிலிருந்தே வரும். அதே நான்கையும் சேர்த்துக் கிள்ளாமல், பிக் முதலில் விரல் பிறகு என்று பிரித்து வாசித்தால் இன்னொரு குணம். வடிவம் மாறவில்லை, வலது கை மட்டும்தான் பேச்சை மாற்றுகிறது.

## தேர்ட்: நெருக்கமான ஜோடி

3-ஆம், 2-ஆம் தந்திகளுக்கு நடுவே நான்கு அரைச் சுரம் என்று பார்த்தோம். ஒரே ஃப்ரெட் என்றால் மேஜர் தேர்ட், 2-ஆம் தந்தி ஒரு ஃப்ரெட் கீழே என்றால் மைனர் தேர்ட். மறுபடியும் நேர், சாய்வு. சி மேஜரில் (முதல் எண் 3-ஆம் தந்தி, அடுத்தது 2-ஆம் தந்தி) 5–5, 7–6, 9–8, 10–10, 12–12, 14–13, 16–15, 17–17. இது பக்கத்துத் தந்தி என்பதால் பிக்காலும் வாசித்துவிடலாம். ஒருமுறை பிக்கால், ஒருமுறை கிள்ளி என்று மாற்றி மாற்றிக் கேட்டால் இதுவரை சொன்ன வித்தியாசம் முழுவதும் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

## ஒரு சுரம் நிற்க, ஒரு சுரம் ஏற

டபுள் ஸ்டாப்பின் மிக அழகான பயன்பாடு என்று நான் நினைப்பது இதைத்தான். பெடல் ஸ்டீல் என்று ஒரு வாத்தியம் உண்டு; மிதிகளையும் முழங்கால் நெம்புகோல்களையும் இயக்கினால் சில தந்திகளின் சுரம் மட்டும் ஏறி இறங்கும், மற்றவை அசையாமல் நிற்கும். அந்த ஒலியைச் சாதாரண கிட்டாரில் கொண்டுவர இரண்டு சுரங்களையும் ஒன்றாகக் கிள்ளி, ஒன்றை மட்டும் வளைக்க வேண்டும். தந்தியை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை ஏற்றுவதற்கு பெண்ட் என்று பெயர்.

செய்து பாருங்கள்: மோதிர விரல் 3-ஆம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டில், அது டி. அதற்குப் பின்னால் துணைக்கு நடுவிரல். சுண்டு விரல் 2-ஆம் தந்தியின் 8-ஆம் ஃப்ரெட்டில், அது ஜி. வலது கையில் பிக்கும் நடுவிரலும் சேர்ந்து கிள்ளட்டும். இப்போது 3-ஆம் தந்தியை மட்டும் தடித்த தந்திகள் இருக்கும் பக்கமாகத் தள்ளி டி-யை ஈ வரை ஏற்றுங்கள். 2-ஆம் தந்தி இருக்கும் பக்கம் இழுத்தால் அதில் மோதிவிடும். டி-யும் ஜி-யுமாக ஃபோர்த்தில் தொடங்கியது, ஈ-யும் ஜி-யுமாக மைனர் தேர்டில் வந்து அமர்கிறது. பின்னணியில் சி கார்ட் இருந்தால் அந்த ஏறுமுகம் கேட்கவே சுகம்.

கஷ்டம் எங்கே என்றால் சுண்டு விரலில். மோதிர விரல் தள்ளும்போது அதுவும் கூடவே கொஞ்சம் நகர்ந்து ஜி-யைக் கெடுக்கும். 2-ஆம் தந்தியை மட்டும் தனியே சுண்டி, பெண்ட் செய்யும்போது அது அசைகிறதா என்று கேளுங்கள். இன்னொரு கோளாறு கை சம்பந்தப்பட்டதே இல்லை: முன்னும் பின்னும் அசையக்கூடிய, மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு தந்தியை வளைத்தால் கூடும் இழுவிசையால் பிரிட்ஜே முன்னால் சாயும், மற்றத் தந்திகளின் சுரம் இறங்கிவிடும். விரல் சரியாக இருந்தும் ஜி தட்டையாகக் கேட்டால் அதுதான் காரணம். பிரிட்ஜ் அசையாமல் பொருத்தப்பட்ட டெலிகாஸ்டர் போன்ற கிட்டார்களில் இந்தத் தொல்லை இல்லை. இந்தப் பாணிக்காரர்கள் பலர் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1960-களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் வைட், ஜீன் பார்சன்ஸ் என்ற இரண்டு இசைக்கலைஞர்கள், தோள்பட்டியை இழுத்தால் 2-ஆம் தந்தி மட்டும் முழுச் சுரம் ஏறும்படி ஒரு கருவியையே டெலிகாஸ்டருக்குள் பொருத்தினார்கள். பி-பெண்டர் என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

## கண்ட்ரிக்கு மட்டும்தானா

இல்லை. ஆல்பர்ட் லீ, டேனி காட்டன் போன்ற கிட்டார்காரர்களால் ‘கண்ட்ரி வித்தை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் ஃபோக் ராக்கில் ரிச்சர்ட் தாம்ப்ஸன் பல பத்தாண்டுகளாக இதே முறையில்தான் வாசிக்கிறார். ராக், ஃபியூஷன் பக்கம் எரிக் ஜான்சன், கத்ரி கோவன் இருவரிடமும் இதைக் கேட்கலாம். இசை வகை எதுவாக இருந்தாலும் தந்தியைத் தாண்டும் தேவை இருக்கும் இடத்தில் விரல் வந்து நிற்கும்.

## விரலை மடக்கிவைக்க வேண்டிய இடங்கள்

ஒலிபெருக்கியான ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை ஏற்றினால் கதை மாறும். டிஸ்டார்ஷன் என்பது ஒலியை வெட்டிக் கரகரப்பாக்குவது. அதில் இரண்டு சுரங்களைச் சேர்த்து விட்டால், நாம் வாசிக்காத புதிய சுரங்களும் பிறக்கும். அவற்றில் ஒன்று, இரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசம். ஜி 196 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஏழு அரைச் சுரம் தள்ளி உள்ள டி சுமார் 294 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 98, அதாவது 196-இல் பாதி; அதுவே ஒரு ஆக்டேவ் கீழே உள்ள ஜி. ஒலி உறுதியாக நிற்கிறது. பவர் கார்ட் டிஸ்டார்ஷனில் கம்பீரமாக இருப்பது இதனால்தான். அதே ஜி-யோடு பி-யைச் சேர்த்தால் 247-இல் 196 போக 51. இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள ஜி 49-இல் இருக்கிறது. கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அதுவல்ல. அந்த உரசல்தான் கலங்கலாகக் கேட்கிறது. தேர்ட், சிக்ஸ்த் எல்லாம் சுத்தமான ஒலியிலோ லேசான கரகரப்பிலோதான் அழகு. எவ்வளவு சுத்தமாகக் கிள்ளினாலும் கனமான டிஸ்டார்ஷன் அதை விழுங்கிவிடும்.

அதேபோல், பாட்டு முரட்டுத்தனத்தைக் கேட்கும் இடத்தில் கிள்ளல் ரொம்பவும் மரியாதையாக ஒலிக்கும். சக் பெர்ரி பாணி ஃபோர்த் வரியை ஹைப்ரிட் பிக்கிங்கில் வாசித்துப் பாருங்கள், சுரமெல்லாம் சரியாக இருக்கும், உயிர் இருக்காது. அங்கே அந்தச் சின்ன இழுபடலும் பிக்கின் உரசலும்தான் பாட்டே. விரல்களை மடக்கிக்கொண்டு, இரண்டு தந்தியையும் சேர்த்துக் கீழ்நோக்கி ஓங்கி அடித்துவிடுங்கள்.